கடுகு யார் பெயரில்?

நவம்பர் 2, ஞாயிறு

விட்டு விட்டு மழை. மேல்தொட்டி நிரம்பியிருந்ததால் மோட்டார் போடவில்லை. பிரஷர் மாத்திரை தீரப்போகிறது, வாங்க வேண்டும்.

காலையில் பக்கத்துத் தெரு சமுதாயக் கூடத்தில் நாய், பூனைகளுக்கு சிப் பொருத்தும் முகாம். நகரத்தில் வளர்ப்புப் பிராணி எதுவானாலும் சிப் வைத்துப் பதிவு செய்தாக வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. எங்கள் ஃபிளாட் செகரட்டரி ஞானமூர்த்தி இந்த மாதக் கடைசிவரை கெடு வைத்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். பதிவில்லாத நாய் லிஃப்டில் ஏறக்கூடாதாம். நான்காம் மாடியில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

குணவதி முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். நான்தான் நாயைப் பிடித்துக்கொண்டு போனேன். நீண்ட வரிசை. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் கட்டைப்பையில் பூனையை வைத்திருந்தார். பூனை தலையை மட்டும் வெளியே நீட்டி எங்கள் நாயை முறைத்துக்கொண்டே வந்தது. எங்கள் நாய் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதற்கு எப்போதும் அவ்வளவுதான் தைரியம்.

டாக்டர் சின்னப் பெண்.

"பேரு சார்?"

"கோதண்டபாணி."

"உங்க பேரு இல்ல சார், நாய் பேரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கடுகு" என்றேன். அந்தப் பெயர் நான் வைத்ததல்ல.

அந்தப் பெண் கையில் வைத்திருந்த கருவியை நாயின் கழுத்துக்குப் பின்னால் தடவினார். அது கீச்சென்றது.

"இதுக்கு ஏற்கெனவே சிப் இருக்கே சார்! நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. ஊசி போட வேண்டியதில்ல." கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நவநீதன்ங்கற பேர்ல இருக்கு. யாரு சார் அது?"

"பையன்."

"அப்ப ஈஸி. நாய் உங்க வீட்ல இருக்கறதால உங்க பேருக்கு மாத்திடலாம். அவர் நம்பருக்கு ஒரு ஓடிபி போகும். போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"அவன் வெளியூர்ல இருக்கான்."

"ஓடிபிதானே சார், எந்த ஊர்ல இருந்தாலும் சொல்லலாமே."

போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து மழைச்சாரலில் நின்றேன். எண் எதையும் அழுத்தவில்லை. உள்ளே போய், சிக்னல் கிடைக்கவில்லை என்றேன். என் நம்பரை வாங்கி, விண்ணப்பத்தை நிலுவையில் வைத்துவிட்டு அனுப்பினார்.

நவம்பர் 3, திங்கள்

மாத்திரை வாங்கினேன். வெண்டைக்காய் முற்றல், இனி அந்தக் கடையில் வாங்கக்கூடாது.

சாப்பிடும்போது குணவதி கேட்டாள். "ஓடிபிக்குப் போன் பண்ணீங்களா?"

"யாருக்கு?"

"யாருக்கா? உங்க பையனுக்கு."

ரசம் ஊற்றினாள்.

"நாலு வருஷம் ஆச்சுங்க. ஒரு நாயைச் சாக்கா வெச்சாவது பேசக் கூடாதா? ஆறு நம்பர் கேட்டா உங்க கௌரவம் போயிடுமா?"

"நீயே கேளேன்."

"நான் கேக்க மாட்டேன். உங்க போன்ல இருந்து போகட்டும். உங்க வாயால கேளுங்க."

மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

பிற்காலத்தில் எனக்கே மறந்துவிடக்கூடும் என்பதால் நடந்ததைக் குறித்து வைக்கிறேன். வெள்ளம் வந்த வருடம் அவன் காலேஜில் இருந்து வரும்போது குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். நான் வேண்டாம் என்றேன். ஒரு வாரம் என்றான், அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. சிப், தடுப்பூசி எல்லாம் அவன் செலவு, அவன் பொறுப்பு. அதனால் அவன் பெயரில் இருக்கிறது. பிறகு நான்கு வருடத்துக்கு முன்னால் தன் ஆபீஸில் வேலை பார்த்த எஸ்தர் என்ற பெண்ணை ரெஜிஸ்தர் ஆபீஸில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். நம் பக்கத்தில் யாரும் பெண் கொடுத்து எடுக்காத இடம். மாலையோடு வாசலில் வந்து நின்றவர்களை உள்ளே வர வேண்டாம் என்று சொன்னேன். கத்தவில்லை. கை நீட்டவில்லை. கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான். அவர்களுக்கு ஆவடியில் கிடைத்த வாடகை வீட்டில் நாய் கூடாது என்றார்கள். அதனால் நாய் இங்கேயே தங்கிவிட்டது.

இதில் நான் செய்த தவறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாய் இன்றைக்கும் அவன் அறைக் கதவுக்கு முன்னால்தான் படுக்கிறது. அறையில் இப்போது அரிசி மூட்டையும் பழைய ஃபேனும்தான் இருக்கின்றன. காலையில் என்னோடு ஏரிக்கரை வரை நடக்கிறது. திரும்பி வந்ததும் என் பாலில் ஆடையை எடுத்துப் போடுகிறேன். ஆடை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

நவம்பர் 7, வெள்ளி

வார்டு ஆபீஸுக்கு நேரிலேயே போனேன். ஓடிபி இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஓனர் சம்மதம் வேணும் சார். இல்லேன்னா யார் வேணா யார் நாயை வேணா பேர் மாத்திடுவாங்களே?"

"ஓனர் என் பையன்."

"அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க."

வரும் வழியில் ஞானமூர்த்தி பிடித்துக்கொண்டார். "மூணு வீட்ல ரெண்டு வீடு முடிச்சுட்டாங்க சார். உங்களுது மட்டும்தான் பாக்கி. தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது இல்ல?" இவருக்கு எப்படித் தெரியும்? குணவதி சொல்லியிருப்பாள். பிளாக் முழுக்கத் தெரிந்திருக்கும்.

நவம்பர் 8, சனி

குணவதி நாளை அரக்கோணம் போகிறாள். தங்கை வசந்தாவுக்கு முழங்கால் ஆபரேஷனாம், கூட ஒரு வாரம் இருக்க வேண்டுமாம். போன மாதம்தான் வசந்தா மலையேறிக் கோவிலுக்குப் போய் வந்ததாகப் படம் அனுப்பியிருந்தாள்.

பையைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாலையில் கூடத்தில் வழியில் கிடந்த பையை நகர்த்தியபோது ஜிப் திறந்திருந்தது. மேலாக ஒரு மஞ்சள் கம்பளிக் குல்லா, என் உள்ளங்கைக்குள் அடங்கும். பக்கத்தில் நாட்டுமருந்துக் கடைப் பொட்டலம், வசம்பு வாசனை. வசந்தாவின் பிள்ளைகள் இருவரும் காலேஜ் படிக்கிறார்கள்.

அக்கம்பக்கத்தில் யாருக்காவது வாங்கியிருப்பாள்.

ஜிப்பை மூடிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வில்லிவாக்கம் ஸ்டேஷனில் குணவதியை ரயில் ஏற்றினேன். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், எல்லாம் ஒரே லைன்தான். யார் எங்கே இறங்கினாலும் யாருக்குத் தெரியப் போகிறது.

ஏறுமுன் சொன்னாள். "கடுகுக்குத் தயிர்சாதம் போடுங்க. உப்புப் போடாதீங்க. இடி இடிச்சா பயப்படும், உங்க கட்டிலுக்குக் கீழ விடுங்க."

"சரி."

"வேற எதுவும் கேக்கணுமா?"

"என்ன கேக்கணும்?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். ரயில் கிளம்பிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

நாய்க் காப்பகம் ஒன்றுக்குப் போன் செய்தேன். வயதான நாய், எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். சிப் இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

"நீங்க யாரு சார் அதுக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் சட்டப்படி இது என் நாயே இல்லை. சோறு போடுவதும் நடக்கக் கூட்டிப் போவதும் நான். ஆனால் எழுத்தில் அவனுடையது. நான் வெறும் காவல்காரன். அவன் பிள்ளை குட்டியோடு சௌக்கியமாக இருப்பான். அதைப் பார்க்க இவள் என்னிடம் பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறுவாள். இங்கே நான் அவன் நாய்க்கு உப்பில்லாத தயிர்சாதம் பிசைய வேண்டும்.

பிசைந்து வைத்தேன். சாப்பிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

பெரியபாளையம் வரை காரில் போய் வந்தேன். கோவிலில் கூட்டமில்லை, ஐந்து நிமிடத்தில் தரிசனம் முடிந்தது. அதைத் தாண்டி ஊத்துக்கோட்டைச் சாலையில் கொஞ்ச தூரம். சாலை மோசம். ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ ஆறிப்போயிருந்தது. பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கினேன்.

திரும்பும்போது நல்ல மழை. காரில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி கீழே மடங்கிக் கிடக்கிறது. சரி செய்ய வேண்டும். பின்சீட்டைத் துடைத்தேன்.

பகலில் சாப்பிடவில்லை.

மாலை குணவதி போன். நாய் சாப்பிட்டதா என்று கேட்டாள். சாப்பிட்டது என்றேன். பிஸ்கட் சாப்பிட்டது, பொய்யில்லை.

நாய் காணவில்லை.

நவம்பர் 12, புதன்

விழிப்பு வந்துவிட்டது. வழக்கமான நேரம்தானே. ஏரிக்கரை வரை போய் வந்தேன். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். வழியில் தெருமுனை இஸ்திரிக்காரர் "இன்னா சார், தோஸ்த் வரல?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

கீழே வாட்ச்மேன் சபாபதியிடம், கதவு திறந்திருந்தபோது நாய் ஓடிவிட்டது, பார்த்தால் சொல்லுங்கள் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "எப்ப சார் ஓடுச்சு?"

"நேத்து."

"நேத்து காலைல வண்டில ஏத்திக்கினு போனீங்களே சார். நான்தானே கேட்டைத் தொறந்து வுட்டேன்."

"திரும்பி வந்தப்புறம்" என்றேன்.

"ஓ" என்றார். நான் மேலே வந்துவிட்டேன். இந்த வாட்ச்மேனைப் பற்றி ஞானமூர்த்தியிடம் பேச வேண்டும். பகலில் தூங்குகிறார்.

பால் ஆடையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். பிறகு கழுவி ஊற்றினேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை. ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

சாயங்காலம் குணவதி போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஜலதோஷமா என்று கேட்டேன், இல்லை என்றாள்.

"கடுகு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு. தூங்குது."

"எங்க தூங்குது?"

"எங்க தூங்கும், அவன் ரூம் வாசல்லதான்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன். அப்போது அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. இரண்டு தடவை, பிறகு ஒரு முனகல். வசந்தா வீட்டில் நாய் கிடையாது. தெருவில் ஏதோ நாயாக இருக்கும். எல்லா நாயும் ஒரே மாதிரிதான் குரைக்கும்.

"சரி, வெச்சுடறேன்" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

குணவதி இன்று திரும்ப வேண்டியவள். ஸ்டேஷனுக்குப் போய் மூன்று ரயில்களைப் பார்த்தேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கும் சேர்த்து வாங்கியது மீந்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

வசந்தாவுக்குப் போன் செய்தேன்.

"மாமாவா? எப்படி இருக்கீங்க மாமா?"

"உன் கால் எப்படி இருக்கு?"

"காலா? கால்... ஆங், பரவாயில்ல மாமா."

"அக்காகிட்ட குடு."

"அக்கா கடைக்குப் போயிருக்கு. வந்ததும் பேசச் சொல்றேன்."

வசந்தாவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று பேசியதை அப்படியே எழுதுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

காலை பத்து மணிக்குக் குணவதி கூப்பிட்டாள்.

"நான் ஆவடியில இருக்கேன்" என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"குல்லாவைப் பார்த்தேன்."

"பார்த்துட்டுத்தான் அப்படிச் செஞ்சீங்களா?"

"எப்படி?"

"கடுகு இங்கதாங்க இருக்கு. புதன்கிழமையில இருந்து இங்கதான் இருக்கு. நீங்க தூங்குதுன்னு சொன்னப்ப என் கால்மாட்டுல படுத்திருந்துச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஊத்துக்கோட்டை ரோட்ல டீக்கடை வெச்சிருக்கற அம்மா அதைத் தூக்கிட்டுப் போய் மாட்டாஸ்பத்திரியில விட்டிருக்காங்க. தெரு நாய்ங்க கடிச்சு, முன்னங்கால்ல அடி. அங்க சிப்பைப் பார்த்துட்டு நவநீதனுக்குப் போன் பண்ணினாங்க. குழந்தைய எங்கிட்டக் குடுத்துட்டு மழையில ஓடினான். அவன் அந்த டீக்கடை அம்மாவையும் போய்ப் பார்த்துட்டு வந்தான். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?"

"குணா, போதும்."

"பெரியவர் ஒருத்தர் பிஸ்கட்டை ஒடிச்சு ஒடிச்சுக் கீழ போட்டாராம். அது தின்னுட்டிருக்கறப்ப வண்டிய எடுத்துட்டாராம். அது பிஸ்கட்டை விட்டுட்டு வண்டி பின்னாடி ஓடுச்சாம். அவங்க கூப்பிடக் கூப்பிட நிக்கலையாம். ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்பி வந்து, நீங்க வண்டி நிறுத்தின எடத்துலயே உக்காந்துச்சாம். ரெண்டு நாளா மழையிலயும் நகரலையாம்."

ரெண்டு நாள் இல்லை, ஒரு நாள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"ஆறு நம்பர் கேக்கறதுக்குப் பதிலா இதைச் செஞ்சீங்களா?" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பேச ஏதாவது வந்திருக்கும்.

"எப்ப வரே?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம் முன்னாடி அவனுக்குக் கதவைச் சாத்தினீங்க. அன்னிக்கு நான் உங்க பக்கம் நின்னேன். கோவம், தணிஞ்சுடும்னு நினைச்சேன். இப்ப இது. வாயில்லாத ஜீவன், உங்க பின்னாடியே சுத்துனது. எனக்கும் வயசாகுது. முழங்கால் வலிக்குது. எனக்கு உங்களப் பார்த்தா பயமா இருக்குங்க."

இத்தனை வருடத்தில் நான் அவள்மேல் கை வைத்ததில்லை. அதிர்ந்து பேசியதுகூடக் கிடையாது. எதற்காகப் பயம்?

நவம்பர் 20, வியாழன்

தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தேன்.

"அப்பா, நான்தான்."

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. இல்லை, எனக்குத்தான் மறந்துவிட்டதோ.

"சொல்லு."

"வீட்டுக்காரர் நாய்க்கு ஒத்துக்கிட்டார். கடுகை எங்க அட்ரஸ்ல பதிவு பண்ணிட்டிருக்கேன். நீங்க முகாம்ல ஒரு விண்ணப்பம் போட்டிருக்கீங்க, அது நிலுவையில கிடக்கு. அதை ரத்து பண்ணாத்தான் இது ஏறும். உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும். பார்த்துச் சொல்றீங்களா?"

கண்ணாடியைத் தேடினேன். நெற்றியில்தான் இருந்தது. மெசேஜைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் பொறுமையாக இருந்தான். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. ஒரு பெண் குரல் அதைச் சமாதானப்படுத்தியது.

எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். நான்கு. நான்கு. ஒன்பது. ஒன்பது. கடைசி எண்ணைக் கொஞ்சம் நிறுத்தித்தான் சொன்னேன்.

"ஆயிடுச்சுப்பா" என்றான்.

"கால் எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"நாய்க்கு."

"கட்டு போட்டிருக்கு. ஊனிப் பார்க்குது."

அதற்குமேல் என்ன கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டான். குறை சொல்ல ஏதுமில்லை. மரியாதையாகத்தான் பேசினான்.

நவம்பர் 21, வெள்ளி

மழை.

நவம்பர் 23, ஞாயிறு

அந்த நம்பரைச் சேமிக்கப் பெயர் கேட்டது. எதுவும் போடாமல் மூடிவிட்டேன். மறுபடி எடுத்து, பெயரைப் போட்டுச் சேமித்தேன்.

அரிசி மூட்டையில் வண்டு. வெயில் இல்லாததால் காய வைக்க வழியில்லை. மூட்டையை வெளியே இழுத்தபோது அறைக் கதவின் அடிப்பக்கம் முழுக்க நகக்கீறல். பெயிண்ட் அடிக்க வேண்டும். இப்போது வேண்டாம்.

நவம்பர் 26, புதன்

ஞானமூர்த்தி மணி அடித்தார். பதிவு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"எங்க வீட்ல நாய் இல்ல" என்றேன்.

"ஏன் சார், என்ன ஆச்சு? அம்மாவையும் கொஞ்ச நாளா காணோம்?"

"பையன் வீட்ல இருக்காங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம் சார், ரொம்ப சந்தோஷம். எல்லாம் சரியாயிடுச்சா? நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னால் அந்தக் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

புயல் வருகிறது என்கிறார்கள். காரை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் தாண்டினேன். ஆவடி செக்போஸ்ட் தெரிந்ததும் பெட்ரோல் குறைவாக இருப்பதுபோல் தோன்றியது, திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி டேங்க் இருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

மதியம் மணி அடித்தது. குணவதி. சாவி அவளிடம் இருக்கிறது, ஆனாலும் மணி அடித்துவிட்டு வெளியே நின்றாள்.

"துணி எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றாள்.

வழி விட்டேன். பீரோவைத் திறந்து சேலைகளை எடுத்தாள். எல்லாவற்றையும் எடுக்கவில்லை, பருத்திச் சேலைகள் மட்டும். தைலம், மாத்திரை டப்பா, தலைக்கு வைக்கும் சின்னத் தலையணை. சமையலறைக்குள் போய் என் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவப் போனாள், குழாயைத் திறந்தவள் மூடிவிட்டு வந்துவிட்டாள்.

"காபி போடட்டுமா?" என்று நான் கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"கீழ வண்டி நிக்குது."

பையை மூடினாள். வாசல்வரை போனவள் நின்றாள். "பேத்தி" என்றாள். "உங்க அம்மா மாதிரி நெத்தி. பேரு என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்கத்தான் இருந்தேன். வாயில் வந்தது வேறு. "மழை வலுக்கறதுக்குள்ள கிளம்பு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். சாம்பல் நிறக் கார், வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கீழே போய்விட்டதால் படியில் இறங்கினேன். செருப்புப் போட மறந்துவிட்டது. அவளுக்கு முன்னால் போய்விட்டேன். வாட்ச்மேனோடு ஏதோ பேசிக்கொண்டு நின்றுவிட்டாள் போலிருக்கிறது.

காரின் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கண்ணாடியை இறக்கினான். முன்பக்கம் முடி கொட்டியிருக்கிறது. எனக்கும் அந்த வயதில்தான் கொட்டியது. பின்சீட்டில் பழைய போர்வை விரித்து நாயைப் படுக்க வைத்திருந்தான். முன்னங்காலில் வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தது. வாலை ஆட்டும் என்று நினைத்தேன். மெதுவாக, கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு, சீட்டின் அந்தக் கோடிக்கு நகர்ந்து கதவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. குரைக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சாப்பிட்டாச்சு" என்றான் நவநீதன். "நனையறீங்கப்பா. மேல போங்க." நாய்மேல் சாரல் அடிக்கிறதென்று கண்ணாடியை ஏற்றினான்.

குணவதி வந்து பின்சீட்டில் ஏறினாள். நாய் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. நான் அவள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினேன். திரும்பினாள்.

"பேரு என்ன?" என்றேன்.

கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி உரக்கக் கேட்டேன். அவள் சொன்னாள். கண்ணாடி மூடியிருந்தது. காரின் கூரையில் மழை தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

சின்னப் பெயர்தான். அவள் உதடு இரண்டு தடவைதான் அசைந்தது.